அக்கரை இலை

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் கன்டெய்னர் லோரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனால், வலப்பக்கம் ஒரு பச்சைப் பலகை வரும். பாரிட் கன்னையா என்று மலாயில் எழுதியிருக்கும். பாரிட் என்றால் வெட்டிய வாய்க்கால். இந்தக் கடலோரத்தில் பல ஊர்களுக்கு வாய்க்கால் வெட்டியவனின் பெயர்தான். சதுப்பிலிருந்து தண்ணீரை வடித்தால்தான் தரை. தரை கிடைத்த பிறகுதான் வீடும் தென்னையும்.

கன்னையா வெள்ளைக்காரன் தோட்டத்தில் கால்வாய் வெட்டக் கப்பலேறி வந்தவர். தோட்டத்துக் கணக்கரான கிராணியோடு ஏதோ தகராறு. ஒரு நாள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கண்டல் காட்டுக்குள் நடந்துவிட்டார். காட்டை வெட்டினார், வாய்க்கால் எடுத்தார், அது கடற்கழியில் சேருமிடத்தில் ஒரு மரக்கதவை மேலிருந்து தொங்கவிட்டார். கடல் வற்றும்போது உள்தண்ணீர் தள்ளிக் கதவு திறந்துகொள்ளும். கடல் ஏறும்போது அந்த ஏற்றமே கதவைச் சாத்திவிடும். உப்புத் தண்ணீர் உள்ளே வராது. கடலைக் கொண்டே கடலுக்குக் கதவு சாத்தியவர் எங்கள் பாட்டன் என்று அந்தக் குடும்பத்தில் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார்.

மரக்கதவு இருந்த இடத்தில் இப்போது அரசாங்கத்தின் சிமெண்டு மதகு. தென்னை போய்க் கொக்கோ வந்தது, கொக்கோ போய் எண்ணெய்ப் பனையான செம்பனை வந்தது, செம்பனையைச் சுற்றி மூன்று பக்கமும் சரக்குக் கிடங்குகள் எழுந்துவிட்டன. கன்னையாவின் வாரிசுகள் பெட்டாலிங் ஜெயா, பங்சார், ஆஸ்திரேலியாவின் பெர்த் என்று போய்விட்டார்கள். பழைய பலகை வீட்டில் சந்திரகலா மட்டும் இருக்கிறாள். மூத்த வழிப் பேரன் ராஜனின் மனைவி. ராஜன் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

வீட்டுக்குப் பின்னால், வாய்க்கால் கரையில், கன்னையாவின் மண்வெட்டித் தலையைச் சிமெண்டில் பதித்து மஞ்சள் பூசி வைத்திருக்கிறார்கள். ஆடி கடைசி ஞாயிறு அங்கே படையல். பாட்டனுக்கு ஓர் இலை. கோழி, கருவாடு, நண்டுக் குழம்பு, அவித்த மரவள்ளி, ஒரு சுருட்டு, ஒரு கிளாஸ் சம்சுச் சாராயம். இன்னோர் இலை அக்கரைக்கு. அது காட்டு முனிக்கு. முனி உப்பு சேர்க்காது என்பதால் அந்த இலைக்கு மட்டும் எல்லாம் தனிச் சட்டியில் உப்பில்லாமல் ஆகும். பொழுது சாய்கிற நேரத்தில் வீட்டின் மூத்த மருமகள் பலகைப் பாலத்தைத் தாண்டிப் போய் இலையை வைப்பாள். வைத்தவள் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும்.

இந்த ஆண்டு ஆடி பிறந்ததுமே முகுந்தன் வந்தார். ராஜனின் தம்பி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஓய்வு பெற்று, இரண்டு வருடமாகக் குடும்ப வரலாற்றை எழுதிக்கொண்டிருப்பவர். கூடவே சந்திரகலாவின் மகள் அமுதவள்ளியும் வந்தாள். அவள் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் பதினோராவது மாடியில் குடியிருக்கிறாள்; கே.எல். சென்ட்ரலில் வேலை.

சந்திரகலா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வந்தவர்களுக்குக் காப்பி போட எழுந்தாள்.

"அண்ணி, சீனி கொறச்சுப் போடுங்க. டாக்டர் ஏசுறாரு."

"போடவே இல்ல தம்பி. பிஸ்கட்ட தொட்டுக்குங்க."

முகுந்தன் சுருட்டி வைத்திருந்த பேனரைக் கூடத்தில் விரித்தார். சுவருக்குச் சுவர் வந்தது. ஒரு பெரிய மரம், கிளைக்குக் கிளை பெயர்கள். அடிமரத்தில் தலைப்பாகையும் மீசையுமாகக் கன்னையா. அவர் தலைக்கு மேல் சிவப்பு எழுத்தில், 'மனித வாடையே இல்லாத காட்டை வெட்டி ஊராக்கிய மாமனிதர்.'

"இது யாரு மூஞ்சி சித்தப்பா?" என்றாள் அமுதவள்ளி. "பாட்டன யாரு போட்டோ புடிச்சா?"

"ஆர்ட்டிஸ்ட் வரைஞ்சது."

"உங்க பாஸ்போர்ட் படத்துக்கு மீசை ஒட்டி விட்டிருக்கான்."

"குடும்பச் சாடை இருக்கும்லா." முகுந்தன் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பேனரின் ஓரத்தைக் காலால் நீவிவிட்டு அண்ணியின் பக்கம் திரும்பினார். "அண்ணி, ஹால் புக் பண்ணியாச்சு. பிரிக்ஃபீல்ட்ஸ்ல. ஏர்கான், பார்க்கிங், சமையல் எல்லாம் அவங்களே. இந்த வருஷம் நீங்க புகையில வேக வேணாம்."

"பாட்டன் எப்பிடி வருவாரு? கொமூட்டர் ரயில்லயா?"

"பூசாரியக் கேட்டுட்டேன். மண்வெட்டியப் பேத்து, ஒரு பிடி மண்ணோட எடுத்துட்டு வந்தா போதுமாம். கப்பலேறி வந்தவரு, கார்ல வரமாட்டாரா?"

நிலத்தைக் கிடங்குக் கம்பெனி ஒன்றின் தவுக்கே, சீன முதலாளி, கேட்கிறார். பெர்த்தில் இருப்பவர் சரி என்றுவிட்டார். பங்சார் வீடும் சரி என்றுவிட்டது. முகுந்தனும் சரி. ராஜனின் பங்குக்குச் சந்திரகலா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவள் மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாதக் கணக்காகப் 'பார்க்கலாம்' என்றுதான் சொல்லிவருகிறாள்.

"தவுக்கே இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் பாப்பேன்னுட்டான் அண்ணி."

"அக்கர எலைய என்ன செய்யறது?"

"எது?"

"பாட்டன் மண்ணோட வந்துருவாரு. முனிக்கு எங்க எல போடறது?"

"பேஸ்மென்ட் கார் பார்க்ல போட்டுடலாம்மா," என்றாள் அமுதவள்ளி. "கார்டத் தட்டிட்டு உள்ள வந்து சாப்பிட்டுப் போகட்டும்."

முகுந்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சின்ன வயசுல எங்கம்மா எல வெக்கறப்ப நான் பின்னாடியே போய்த் திரும்பிப் பாத்துட்டேன். எங்கப்பா இழுத்து ஒண்ணு விட்டாரு. திரும்பிப் பாத்தா போலீஸ் புடிச்சிட்டுப் போயிடும்னாரு. முனிக்கும் போலீசுக்கும் என்னப்பா சம்பந்தம்னு கேட்டேன். இன்னொண்ணு விழுந்துச்சு."

சந்திரகலா சிரிக்கவில்லை. துருவலைக் கையால் ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"ஒரு வருஷம் வெக்காம விட்டேன். உங்கண்ணனக் குடுத்தேன்."

அந்த ஆடியில் கணவன் மனைவி இருவருக்கும் கோவிட். ராஜனை ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனது. சந்திரகலாவின் மணிக்கட்டில் இளஞ்சிவப்புப் பட்டையைக் கட்டி, வாசலைத் தாண்டக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கடைசி ஞாயிறு அவள் உலையே வைக்கவில்லை. சன்னல் வழியே பலகைப் பாலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வாரத்திலேயே ராஜன் போய்விட்டார். முகத்தைக்கூடக் காட்டவில்லை.

"அம்மா," என்றாள் அமுதவள்ளி. "அப்பாவுக்கு சுகர் இருந்துச்சு. லங்ஸ் போயிடுச்சு. டாக்டர் சொன்னத நீயும்தான கேட்ட?"

"கேட்டேன்."

"அப்புறம்?"

"கேட்டேன்னுதான சொல்றேன்."

சாலையில் ஒரு லோரி போனதில் கூடத்துக் கண்ணாடி அலமாரி அதிர்ந்து அடங்கியது. சந்திரகலா துருவலைப் பிழியத் தொடங்கினாள்.

"நான் விக்க வேணாங்கல தம்பி. இந்த வீட்ல எனக்கு மட்டும் என்ன இருக்கு? கூரை ஒழுகுது, தண்ணி ஏறுது. ஆனா அந்த எலைக்கு ஒரு வழி தெரியணும். இன்னொரு வாட்டி அதக் கேக்காம விட்டுட்டு இந்த வீட்ட விட்டு எறங்கமாட்டேன். எனக்கு இருக்கறது இவ ஒருத்திதான்."

அமுதவள்ளி பேனரைச் சுருட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படையலுக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை காலை, சந்திரகலா சாலைச் சந்தியில் கூடும் பாசார்ச் சந்தைக்குப் போனாள். முதல் நாள் ராத்திரி பெய்த மழையில் தார்ப்பாய்கள் தொய்ந்து தொங்கின. கறிக்கடைகளைத் தாண்டி, வரிசையின் கடைசியில், கூரை இல்லாத இடத்தில் மாக் செனி நண்டு வைத்திருப்பாள். கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் நீப்பாப் பனைகளுக்குப் பின்னால் இருக்கும் மா மெரி கம்பத்துக்காரி. மா மெரி என்றால் இந்தக் கரையின் பூர்வகுடிகள்; கம்பம் என்றால் கிராமம். எழுபதைத் தாண்டியவள். நண்டின் கால்களை நீப்பா நாரால் அவள் கட்டுகிற கட்டு, குழம்புச் சட்டி வரை அவிழாது. சந்திரகலா கல்யாணமாகி வந்த காலத்திலிருந்தே அவளிடம்தான் வாங்குகிறாள். பேரம் பேசியிருக்கிறார்கள், பிள்ளைகளைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டிருக்கிறார்கள். வீடு எங்கே என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை. பேச்செல்லாம் மலாயில்தான். மாக் என்றால் அம்மா.

"கொழுத்ததாப் பாத்துக் குடு மாக். போன தடவ ஓடுதான் இருந்துச்சு."

"போன தடவ பௌர்ணமி. நிலா வெளிச்சத்துல நண்டு மெலியும். அதுக்கு நானா பொறுப்பு? இவ்வளவு எதுக்கு, வீட்ல விருந்தா?"

"பாட்டனுக்குப் படையல். கன்னையா பாட்டன்."

மாக் செனி கட்டிக்கொண்டிருந்த நண்டைக் கையிலேயே பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"பாரிட் கன்னையாவா?"

"ஆமா."

"நீ அந்த வீடா? உன்ன தாமான் வரிசை வீட்டுக்காரின்னு நெனச்சிட்டிருந்தேன்." அவள் வெற்றிலைப் பல் தெரியச் சிரித்தாள். "எங்கப்பா உங்க வீட்டுச் சோறு சாப்பிட்டிருக்காரு, கலா."

தோட்டத்தில் கூலிக்கு வந்திருப்பார் போல என்று சந்திரகலா நினைத்தாள். அதைச் சொன்னதும் மாக் செனி கையை வீசி மறுத்தாள்.

"கூலிக்கு எங்காளுங்க போனதில்ல. சாப்பிடப் போவாங்க. வருஷத்துக்கு ஒரு தடவ. எங்கப்பா சின்னப் புள்ளையா இருந்தப்ப அவங்கப்பாவோட போவாராம். வாய்க்காலுக்கு எங்க பக்கத்துல உக்காருவாங்க. உங்க வீட்டுப் பொம்பளைங்க பாலத்தத் தாண்டி வந்து எலையில போடுவாங்க. எங்கப்பா சாகற வரைக்கும் அந்த நண்டுக் கொழம்பப் பத்திச் சொல்லுவாரு. நாக்கு எரியுமாம்."

சந்திரகலா கையிலிருந்த பையைத் தரையில் வைத்தாள்.

"எதுக்குப் போட்டாங்க?"

"எதுக்கா? அது எங்க ஆறு." மாக் செனி நண்டைக் கூடையில் போட்டுவிட்டு, ஈர மண்ணில் விரலால் வளைந்து வளைந்து ஒரு கோடு இழுத்தாள். "இப்பிடி ஓடும். நண்டாறுன்னு பேரு. எங்காளுங்க அதுலதான் கூண்டு போடுவாங்க. உங்க பாட்டன் வந்து இப்பிடி ஆக்கிட்டாரு." வளைந்த கோட்டின் மேலேயே நேராக ஒரு கோடு இழுத்தாள். "கதவு வேற போட்டுட்டாரு. உப்புத் தண்ணி வரலன்னா கண்டல் மரம் செத்துடும். மரம் செத்தா நண்டு எங்க இருக்கும்? எங்காளுங்க கதவ ஒடைச்சாங்க. அவரு திரும்பப் போட்டாரு. திரும்ப ஒடைச்சாங்க. கடைசில ரெண்டு பக்கமும் உக்காந்து பேசிருக்காங்க. கதவு இருக்கட்டும். அந்த வீடு அங்க இருக்கற வரைக்கும் வருஷத்துக்கு ஒரு வேள அந்த வீட்டுச் சோறு எங்களுக்கு. எங்க கரையில வெச்சு. அதான் பேச்சு."

"அப்புறம் ஏன் வரல?"

"வெள்ளைக்காரனுக்கும் காட்டுக் கம்யூனிஸ்ட்டுக்கும் சண்ட வந்துச்சே. பட்டாளத்துக்காரன் எங்க கம்பத்தையே லோரில ஏத்திட்டுப் போய் முள்வேலிக்குள்ள வெச்சிட்டான். திரும்பி வந்தப்ப எங்கப்பாவுக்கு மீசை மொளைச்சாச்சு. போய்க் கேக்கறதுக்கு வெக்கமா இருந்துச்சாம். அவங்களாக் கூப்பிடட்டும்னு இருந்துட்டாரு."

ஒரு சீனப் பெண் வந்து நண்டு விலை கேட்டுவிட்டுப் போனாள்.

"நாங்க நிறுத்தல மாக்," என்றாள் சந்திரகலா. "இன்னும் வெக்கறோம். ஒவ்வொரு வருஷமும். அந்தக் கரையிலதான்."

"யாருக்கு?"

முனிக்கு என்பதை மலாயில் எப்படிச் சொல்வது என்று சந்திரகலாவுக்குத் தெரியவில்லை. காட்டில் இருக்கிற பேய் மாதிரி, சாமி மாதிரி ஒன்று என்றாள்.

மாக் செனி அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் கீரை விற்றவள் எட்டிப் பார்த்தாள்.

"நாங்க பேயா?"

"எங்களுக்கு அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"அப்ப இத்தன வருஷச் சோத்தையும் உடும்பு தின்னிருக்கு. அதான் உங்க பக்கத்து உடும்பெல்லாம் அவ்வளவு பெருசு."

சந்திரகலாவும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. குந்தி உட்கார்ந்தாள். நண்டுக் கூடையைப் பார்த்தபடி சொல்லிவிட்டாள். ஒரு வருஷம் வைக்கவில்லை, கோவிட் வருஷம், அந்த வாரமே வீட்டுக்காரர் போய்விட்டார் என்று.

மாக் செனி நார் ஒன்றை எடுத்துப் பல்லால் கிழித்தாள்.

"அந்த வருஷம் என் வீட்ல ரெண்டு பேரு போனாங்க," என்றாள். "என் தங்கச்சி. என் மூத்த மகன். நாங்க யாருக்குச் சோறு வெக்காம விட்டோம், சொல்லு."

சந்திரகலா அவள் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருடமாகப் பார்த்த முகம். அந்த மகன் படகில் வந்து கூடைகளை இறக்கிக்கொடுத்துவிட்டுப் போவது நினைவுக்கு வந்தது. அவனைப் பார்த்து நாளாயிற்றே என்று ஒரு தடவைகூடத் தான் கேட்டதில்லை என்பதும்.

"ஞாயித்துக்கிழம வா மாக். சாப்பிட."

"நண்டு கொண்டு வரணுமா?"

"இதுக்குக் காசு வாங்கிக்க. அப்புறம் விருந்தாளியா வா."

மறுநாள் சந்திரகலா கிள்ளானில் கொமூட்டர் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்கினாள். பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் முகுந்தனும் அமுதவள்ளியும் காத்திருந்தார்கள். மாலைக் கடைகளிலிருந்து மல்லிகை வாசனையும் சாலையிலிருந்து பஸ் புகையும் சேர்ந்து உள்ளே வந்தன. சந்திரகலா சொல்லி முடிக்கும் வரை முகுந்தன் சோற்றில் கை வைக்கவில்லை.

"போலீஸ்," என்றார் மெதுவாக. "அதான் போலீஸ்."

"என்ன சித்தப்பா?"

"கம்யூனிஸ்ட் காலத்துல காட்டுப் பக்கம் சோறு கொண்டு போனா ஜெயிலுதான். ஒரு பிடி அரிசி எடுத்துட்டுப் போனாக்கூட. கம்யூனிஸ்ட்டுக்குக் குடுக்கறியான்னு புடிச்சிப்பான். நம்ம ஆளுங்க இருட்டுற நேரத்துல கொண்டு போய் வெச்சிட்டு, திரும்பிப் பாக்காம ஓடி வந்திருக்காங்க. கம்பத்து ஆளுங்க வந்து எடுத்துக்குவாங்கன்னு நெனச்சு வெச்சிருப்பாங்க. அவங்கள வேலிக்குள்ள அடைச்சது நம்மாளுங்களுக்கு எப்பிடித் தெரியும்? புள்ளைங்க வெளிய உளறிட்டா வம்பு. அதனால முனிக்குன்னு சொல்லியிருக்காங்க. புள்ளைங்க வளந்து அவங்க புள்ளைங்களுக்கு அதையே சொல்லிட்டாங்க."

"அப்ப உப்பு?" என்றாள் அமுதவள்ளி.

"முனின்னு ஆனப்புறம் உப்ப நிறுத்தியிருப்பாங்க. முனிக்கு யாரு உப்பு போடுவா?"

அவர் முகத்தில் ஒரு கணம், இரண்டு வருட வேலைக்குப் பலன் கிடைத்த சந்தோஷம் தெரிந்தது. உடனே அது மங்கியது. குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணி, இது நம்மளோட இருக்கட்டும். ஞாயித்துக்கிழம அவங்க வர வேணாம்."

"கூப்பிட்டுட்டேன்."

"லேண்ட் மேட்டர்லா அண்ணி. எங்க ஆறு, எங்க கரைன்னு ஒரு பேச்சு வெளிய போச்சுன்னா தவுக்கே ஓடிடுவான். நாளைக்கு லாயர் வருவான், என்.ஜி.ஓ. வருவான், பேப்பர்ல வரும்."

"வந்தா என்ன பொய்யா வரப்போகுது?"

"அப்பிடிச் சொல்லல."

"அவங்க சாப்பிட வர்றாங்க தம்பி. கேஸ் போட வரல. கேஸ் போடறவங்களா இருந்தா உங்க தாத்தா காலத்துலயே போட்டிருப்பாங்க." சந்திரகலா அப்பளத்தை நொறுக்கினாள். "நானும் விக்கறதுக்குச் சரின்னுதான் சொல்ல வந்தேன். வழி தெரிஞ்சிடுச்சு. வீடு இருக்கற வரைக்கும்தான் பேச்சு. வீட்ட விட்டுப் போறோம்னா அவங்ககிட்ட சொல்லிட்டுப் போகணும். எல்லாரும் ஹாலுக்குப் போங்க. நான் அங்க கடைசி எலையப் போட்டுட்டு வரேன். அதுக்கப்புறம் எங்க கையெழுத்துக் கேட்டாலும் போடறேன்."

முகுந்தன் ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.

"பேனர் அடிச்சாச்சு," என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "மனித வாடையே இல்லாத காடுன்னு."

"மேல ஒரு பேப்பர ஒட்டிடலாம் சித்தப்பா," என்றாள் அமுதவள்ளி. "உங்க மீசையோட சேத்து."

ஞாயிற்றுக்கிழமை சந்திரகலா விடியுமுன் எழுந்து கோழியை மஞ்சளில் புரட்டி வைத்தாள். கருவாட்டை ஊறப்போட்டாள். அம்மியில் மிளகாயும் சோம்பும் அரைத்தாள். நண்டுக்கு மட்டும் மிக்ஸி ஆகாது. பிற்பகலில் மேற்கே கருத்துக்கொண்டு வந்து, ஒரு சிறு மழை அடித்து ஓய்ந்தது. வாய்க்காலில் தண்ணீர் உயர்ந்து, மதகுப் பக்கமாக மெதுவாக நகர்ந்தது. அமுதவள்ளி முதல் நாளே வந்துவிட்டாள். ஹாலில் இருக்க வேண்டிய முகுந்தனும் மத்தியானத்துக்கு மேல் வந்து நின்றார்.

"அங்க படையல் முடிஞ்சிடுச்சு. பிரியாணி சாப்பிட்டுட்டு இருக்காங்க," என்றார். "பாட்டன இன்னும் பேக்கலயே அண்ணி. மண்வெட்டி இங்கதான இருக்கு. வெறும் பேனருக்குப் படைச்சோம்."

"பேனருக்கு உப்புப் போட்டாங்களா?" என்றாள் சந்திரகலா. அவர் சிரித்துவிட்டு, சட்டையைக் கழற்றிப் போட்டு, பலகைப் பாலத்தின் பாசியை வேறொரு மண்வெட்டியால் சுரண்டப் போனார்.

மாக் செனி பொழுது சாய்கிறபோது வந்தாள். இளைய மகன் ரோஸ்லி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினான். பூப்போட்ட புதுச் சட்டை, தலையில் நீப்பாக் குருத்தில் பின்னிய ஒரு வளையம். வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஒரு கட்டு நீப்பா வெல்லம். வீட்டை, மண்வெட்டிக் கல்லை, கிடங்குகளின் தகரச் சுவர்களை எல்லாம் அவசரமில்லாமல் பார்த்தாள்.

"உள்ள வா மாக். கூடத்துல பாய் போட்டிருக்கேன்."

"பேச்சு அப்பிடி இல்ல. எங்க கரையிலதான்."

அக்கரையில் இப்போது கிடங்கின் வேலிதான். வேலிக்கும் வாய்க்காலுக்கும் இடையே ஒரு பாய் விரிக்கத்தான் இடம் இருந்தது. முகுந்தன் பாயைக் கொண்டுபோய் விரித்து இரண்டு இலைகளைப் போட்டார். சந்திரகலா கூட்டிப்போக, மாக் செனியும் ரோஸ்லியும் பாலத்தைத் தாண்டிப் போய் உட்கார்ந்தார்கள்.

"வித்துட்டு எங்க போவே?" என்றாள் மாக் செனி.

"மக வீட்டுக்கு. பிரிக்ஃபீல்ட்ஸ். பதினோராவது மாடி."

"மேல யாரு இருந்தாங்க உங்களுக்கு முன்னாடி?"

"காத்துதான்."

"நல்லது. இல்லன்னா அவங்களுக்கும் சோறு போடணும்." பிறகு அதே குரலில், "விக்கறதுக்கு முன்னாடி எங்ககிட்ட கேக்கலாம்னு யாருக்கும் தோணலயா?" என்றாள்.

முகுந்தனின் முதுகு நிமிர்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு லோரி பின்னால் வரும் பீப் ஒலி கேட்டுக்கொண்டிருந்தது.

"தோணல மாக்," என்றாள் சந்திரகலா.

"ம். கேட்டிருந்தா நாங்க என்ன சொல்லியிருப்போமோ." மாக் செனி இலையைத் தன் பக்கம் நேராக்கிக்கொண்டாள். "போடு. பசிக்குது."

சந்திரகலா இக்கரைக்கு வந்து, அடுப்படியில் எடுத்து வைத்திருந்த பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு மறுபடி பாலத்தைத் தாண்டினாள். சோறு வைத்தாள். மரவள்ளி வைத்தாள். கோழி, கருவாடு, ஒரு பெரிய நண்டு, மேலே குழம்பு. ரோஸ்லிக்கும் வைத்தாள். தண்ணீர்ச் செம்பை இலையோரம் வைத்ததும், ஒவ்வோர் ஆடியிலும் செய்ததுபோலவே, அவள் கால்கள் தாமாகத் திரும்பின. தலை குனிந்துகொண்டு பாலத்தில் ஏறினாள். பாதிப் பாலம் வந்துவிட்டாள்.

"கலா."

நின்றாள்.

"இதுல உப்பே இல்லையே."

இக்கரையில் நின்ற அமுதவள்ளி வாயைப் பொத்திக்கொண்டாள். அடுப்படியில் இன்னும் இரண்டு சட்டிகள் இருந்தன. எடுத்து வந்தது, விடிகாலையில் கைப்பழக்கத்தில் முனிக்கென்று தனியாக இறக்கி வைத்த சட்டி.

சந்திரகலா திரும்பிப் பார்த்தாள். மாக் செனி விரலை நக்கிக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ரோஸ்லி ஒன்றும் சொல்லாமல், மரியாதைக்காக, உப்பில்லாத நண்டை உடைத்துத் தின்றுகொண்டிருந்தான்.

"இரு மாக். கொண்டாறேன்," என்றாள் சந்திரகலா.

வீட்டுக்குள் போய் உப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டாள். நல்ல குழம்புச் சட்டியையும் எடுத்துக்கொண்டாள். தனக்கென்று இன்னோர் இலையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு அக்கரைக்குப் போய், மாக் செனிக்கு எதிரே, அவள் முகம் பார்க்க உட்கார்ந்தாள்.